மின் கடத்தும் பாலிமர்கள்: குணமும் குற்றமும்

பள்ளியில் விஞ்ஞானப் பாடம் கேட்ட எவருக்கும் ஓர் அட்டவணை மறந்திருக்காது. இடப்பக்கத்தில் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்கள்: வெள்ளி, செம்பு, அலுமினியம், இரும்பு. வலப்பக்கத்தில் கடத்தாப் பொருள்கள்: கண்ணாடி, ரப்பர், உலர்ந்த மரம், பிளாஸ்டிக். நம் வீட்டுச் சுவரில் ஓடும் மின்கம்பியே இவ்வட்டவணைக்குக் கண்கூடான சான்று. உள்ளே செம்பு, மேலே பிளாஸ்டிக் உறை. செம்பு மின்சாரத்தை ஓடவிடுகிறது. உறை அதனை வெளியே வராமல் காக்கிறது. அந்த உறையின் இனத்தைச் சேர்ந்த பொருளொன்று செம்பின் தொழிலையும் செய்யும் என்று பரீட்சையில் எழுதியிருந்தோமானால், ஆசிரியர் நமக்குச் சுழிதான் போட்டிருப்பார். ஆயினும் அது உண்மை. அவ்வுண்மையைக் கண்டறிந்து வளர்த்தமைக்காக 2000 ஆம் ஆண்டில் ஆலன் ஹீகர், ஆலன் மெக்டயர்மிட், ஹிடெகி ஷிரகாவா ஆகிய மூவருக்கும் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

மின்சாரத்தைக் கடத்தும் இப்பாலிமர்கள் மின்கலத்தில் மின்வாயாக அமையும்போது எவ்வாறு நடந்துகொள்கின்றன, அவற்றால் ஆகக்கூடியது யாது, ஆகாதது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள். நாம் பயின்றது கலைப்பிரிவு. சோதனைக்குழாய் பிடித்துப் பழகியதில்லை. நம் தொழில் மொழிபெயர்ப்பு. ஒரு சொல்லைத் தமிழாக்குவதற்கு முன் அச்சொல் குறிக்கும் பொருள் விளங்கியிருக்க வேண்டும் என்பது அத்தொழிலின் முதற்பாடம். 'மின்வாய்' என்னும் சொல்லே இந்த விஞ்ஞானத்தின் கதவை நமக்குத் திறந்துவிட்டது. அது எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

மின்சாரத்தை உண்டாக்குவதைக் காட்டிலும் அதனைச் சேமித்து வைப்பதே இன்று கடினமான காரியம். நம் நாட்டில் உச்சிப்பொழுதில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் விளக்கு வேண்டியிருப்பது அந்திக்குப் பின்னர். பகலில் விளைந்ததை இரவுக்குக் கொண்டுசெல்லக் களஞ்சியம் வேண்டும். மின்கலமே அக்களஞ்சியம். இன்று பெருவழக்காக உள்ள லித்தியம் மின்கலங்களுக்கு லித்தியமும், பலவகைக் கலங்களுக்குக் கோபால்ட்டும் நிக்கலும் வேண்டும். இவற்றுள் பெரும்பகுதி நமக்கு அயல்நாடுகளிலிருந்தே வருகிறது. பாலிமரோ கரி, ஹைட்ரஜன், நைட்ரஜன், கந்தகம் போன்ற எங்கும் கிடைக்கும் தனிமங்களால் ஆனது. ஆதலால், பிளாஸ்டிக்கால் மின்கலம் செய்யலாம் என்னும் செய்தி பத்திரிகைகளில் வரும்போதெல்லாம் நமக்கு ஆவல் எழுவது இயல்பே. அந்த ஆவலுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

புனே நகரில் வாழும் தமிழருக்கு இவ்வாராய்ச்சி தொலைவில் உள்ளதன்று. ஹோமி பாபாவின் பெயர் தாங்கிப் பாஷாண் நோக்கிச் செல்லும் சாலையில், வேதாள் குன்றின் அருகே, தேசிய இரசாயன ஆராய்ச்சிச்சாலை அமைந்திருக்கிறது. பாஷாணம் என்றால் நாம் நஞ்சு என்போம். மராத்தியர்க்கோ அது கல். இந்த ஆராய்ச்சிச்சாலையை 1950 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்தார். 1957 இல் இதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியர், 1901 ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்த கிருஷ்ணசாமி வெங்கட்டராமன். 1966 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். சாயங்களின் இரசாயனத்தில் அவர் உலகப் புகழ் பெற்றவர். செயற்கைச் சாயங்களைப் பற்றி 1952 முதல் அவர் வெளியிட்ட பெருநூல் தொகுதிகள் அத்துறையினர்க்கு ஆதார நூல்கள்.

சாயத்துக்கும் மின்கலத்துக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். உறவு மிக நெருக்கமானது. நாம் இன்று பேசும் பாலிமர்களுள் தலையாயதாகிய பாலி அனிலீன், ஒரு சாயத்தின் வயிற்றில் பிறந்த பிள்ளை.

அவுரிச் செடியை நாம் அறிவோம். தென்னார்க்காட்டுச் சீமையில் அதனைப் பயிரிட்டு, இலைகளைத் தொட்டியில் ஊறவைத்துக் கலக்கி, நீலச் சாயம் எடுத்து வந்தனர். 1826 ஆம் ஆண்டில் ஜெர்மானியரான உன்வெர்டார்பன் என்பவர் இந்நீலத்தைச் சூடேற்றி வடித்தபோது எண்ணெய் போன்ற ஒரு திரவம் கிடைத்தது. பின்னர் ஃப்ரிட்ஷே என்பவர் அதற்கு அனிலீன் என்று பெயரிட்டார். 'அனில்' என்பது அவுரி நீலத்துக்கு மேற்கில் வழங்கிய பெயர். அது அரேபியர் வாயிலாகச் சென்ற நம் 'நீல' என்னும் சொல்லே. நம் வயலில் விளைந்த பொருளின் பெயர் ஐரோப்பிய இரசாயன நூல்களில் இவ்வாறு குடியேறிற்று.

1856 ஆம் ஆண்டில், பதினெட்டு வயதே நிரம்பிய பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர், கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்று, அதில் தோற்று, அனிலீனிலிருந்து ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டெடுத்தார். செயற்கைச் சாயத் தொழில் அன்று பிறந்தது. அது வளர்ந்து, 1897 இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபோது அவுரிப் பயிரின் வாழ்வு சரியத் தொடங்கியது.

நம் கதைக்கு வேண்டியது 1862 ஆம் ஆண்டு. லண்டனில் ஹென்றி லெத்தபி என்னும் மருத்துவர் இரசாயனமும் நச்சியலும் போதித்து வந்தார். அவர் அனிலீனைக் கந்தக அமிலத்தில் கரைத்து, அதில் பிளாட்டினத் தகடுகளை அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினார். ஒரு தகட்டின்மேல் நீலமும் பச்சையும் கலந்த கரிய படலம் படிந்தது. அதன்மேல் வெவ்வேறு இரசாயனப் பொருள்களைப் பட்டபோது அதன் நிறம் மாறியது. லெத்தபி அதனைக் குறித்து வைத்தார். அதற்கு அடுத்த ஆண்டுகளில் அப்பொருளின் ஒரு வடிவம் 'அனிலீன் கறுப்பு' என்னும் பெயரால் பருத்தித் துணிக்குக் கறுப்பேற்றும் சாயமாகப் பரவிற்று. மின்சாரத்தால் பிறந்து, மின்சாரத்தையே கடத்தவல்ல ஒரு பொருளை மக்கள் உடுத்தித் திரிந்தனர். ஆனால் அதன் உள்ளியல்பை ஒருவரும் ஆராயவில்லை. கரிமப் பொருள் மின்சாரத்தைக் கடத்தாது என்னும் அட்டவணை அன்றே மனத்தில் பதிந்துவிட்டது போலும்.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1963 இல் ஆஸ்திரேலியாவில் டொனால்டு வைஸ் குழுவினர் பாலி பிர்ரோல் என்னும் கரிய பாலிமர் நன்கு மின்சாரம் கடத்துவதை வெளியிட்டனர். அப்போதும் உலகம் அதனைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1967 இல் டோக்கியோவில் ஷிரகாவா பணிபுரிந்த ஆராய்ச்சிச்சாலையில், அசெட்டிலீன் வாயுவைப் பாலிமராக்கும் சோதனையில் ஒரு தவறு நேர்ந்தது. வினையூக்கியை வேண்டியதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சேர்த்துவிட்டனர். கரிய தூள் வரவேண்டிய இடத்தில் மின்னும் படலம் வந்தது. தவறு என்று தள்ளாமல் அதனை ஷிரகாவா தொடர்ந்து ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்காவில் மெக்டயர்மிட்டும் ஹீகரும் அவரோடு சேர்ந்தனர். 1977 இல் அப்படலத்தை அயோடின் ஆவிக்குக் காட்டியபோது அதன் கடத்துதிறன் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. பள்ளி அட்டவணையில் ஒரு வரியை மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

இது எவ்வாறு நிகழ்கிறது? பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நெடுஞ்சங்கிலி. பாலிதீன் பையில் உள்ள சங்கிலியில் எலெக்ட்ரான்கள் எல்லாம் அணுக்களுக்கிடையே இறுகப் பிணைந்து கிடக்கின்றன. ஓட அவற்றுக்கு வழியில்லை. மின் கடத்தும் பாலிமரின் சங்கிலியிலோ ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. இவ்வமைப்பு எலெக்ட்ரான் செல்வதற்கு ஒரு நடைபாதையை உண்டாக்குகிறது. எனினும் நடைபாதை மட்டும் போதாது. கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். எல்லா இலைக்கும் ஆள் அமர்ந்திருந்தால் எவரும் இப்படி அப்படி நகர முடியாது. ஒருவர் எழுந்தால் அடுத்தவர் அவ்விடத்துக்கு நகரலாம். அவர் விட்ட இடத்துக்கு மற்றொருவர் நகரலாம். காலியிடம் பந்தியின் இக்கோடியிலிருந்து அக்கோடிக்குப் பயணம் செய்யும். அயோடின் செய்தது இதுவே. சங்கிலியிலிருந்து சில எலெக்ட்ரான்களை அது பறித்துக்கொண்டது. மிஞ்சியவை நகர இடம் கிடைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாலிமர் கடத்துகிறது என்றால் செம்பைப் போலக் கடத்துகிறது என்று கொள்ளலாகாது. சாதாரணமாகச் செய்யப்படும் பாலி அனிலீனின் கடத்துதிறன், செம்பினுடையதில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். நாளை மின்கம்பிகளில் செம்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் ஓடும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. இப்பாலிமரின் உண்மையான சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அதற்கு நாம் முன்னர்ச் சொன்ன 'மின்வாய்' என்னும் சொல்லுக்குத் திரும்புவோம்.

மின்கலத்தில் உள்ள திரவத்துக்கும் வெளியே உள்ள கம்பிக்கும் இடையே மின்சாரம் புகுந்து புறப்படும் இடம் மின்வாய். பிளாட்டினத் தகட்டை மின்வாயாக வைத்தால், நிகழ்வதெல்லாம் அதன் மேற்பரப்பில்தான் நிகழும். எலெக்ட்ரான் வாசற்படியில் கைமாறும். திரவத்தில் உள்ள அயனிகள் தகட்டுக்குள் நுழையா. அது வெறும் வாய். பாலிமர் மின்வாய்க்கோ வாயோடு வயிறும் உண்டு. அதிலிருந்து எலெக்ட்ரான்களை வெளியே இழுத்தால் சங்கிலிகளில் நேர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. அதனைச் சமன் செய்யத் திரவத்திலுள்ள எதிர் அயனிகள் பாலிமரின் உடலுக்குள்ளேயே புகுந்து, சங்கிலிகளுக்கு இடையில் அமர்கின்றன. எலெக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுத்தால் அயனிகள் வெளியேறுகின்றன. முன்னது ஆக்சிஜனேற்றம், பின்னது ஒடுக்கம். மேற்பரப்பு மட்டுமன்றிப் பொருளின் உடல் முழுதும் மின்னூட்டத்தைத் தாங்குகிறது.

பாலி அனிலீன் பூசிய மின்வாயை அமிலத்தில் நிறுத்தி, மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றி, மீண்டும் இறக்கும் சோதனை, காண்பதற்கு இனியது. தொடக்கத்தில் படலம் வெளிறிய மஞ்சளாக இருக்கும். சற்றே ஏற்றினால் மரகதப் பச்சையாகும். மேலும் ஏற்றினால் நீலமாகி ஊதாவை நெருங்கும். இறக்கினால் வந்த வழியே திரும்பும். ஒவ்வொரு நிறமும் சங்கிலி எத்தனை எலெக்ட்ரான்களை இழந்துள்ளது என்பதற்கு அடையாளம். இவற்றுள் பச்சை நிலையே மின்சாரத்தை நன்கு கடத்துவது. மஞ்சள் நிலையும் ஊதா நிலையும் கடத்துவதில் பின்தங்கியவை. மின்னழுத்தத்துக்கு எதிரே மின்னோட்டத்தை வரைந்தால் எழும் வளைகோட்டில், ஒவ்வொரு நிறமாற்றத்துக்கும் ஒரு மேடு தோன்றும். லெத்தபி கண்ட நிறமாற்றத்தின் பொருளை இன்றைய விஞ்ஞானி இவ்வளைகோட்டில் படிக்கிறார்.

சேமிப்புக்கு இக்குணம் எவ்வளவு உதவும் என்பதைக் கணக்கில் பார்ப்போம். மின்தேக்கிகளில் வழங்கும் நுண்துளைக் கரி மிகப் பரந்த மேற்பரப்பு உடையது; ஒரு கிராமுக்கு 100 முதல் 200 ஃபாரட் வரை தேக்கும். ஆனால் அது மேற்பரப்பில் மட்டுமே தேக்குவது. பாலி அனிலீனோ சோதனைகளில் ஒரு கிராமுக்குப் பல நூறு ஃபாரட் காட்டுகிறது. மின்கலக் கணக்கில் சொன்னால், பாலி அனிலீனின் இரண்டு வளையங்களுக்கு ஓர் எலெக்ட்ரான் வீதம் எடுத்தால், கிராமுக்கு ஏறத்தாழ 147 மில்லி ஆம்பியர் மணி தேறும். லித்தியம் மின்கலங்களில் பெரும்பெயர் பெற்ற லித்தியம் கோபால்ட் ஆக்சைடு நடைமுறையில் தருவதும் ஏறத்தாழ 140 தான். மலிவான சாயச் சரக்கு, அருமையான கோபால்ட்டுக்கு ஈடாக நிற்கிறது என்று தோன்றும். இக்கணக்கைக் கண்டே 1980 ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் ஆராய்ச்சியாளர் உற்சாகம் கொண்டனர்.

ஆனால் கணக்கில் சேராதவை சில உண்டு.

முதலாவது, வயிறுள்ளது உண்டால் வீங்கும். அயனிகள் உள்ளே புகும்போது பாலிமர் பருக்கிறது; வெளியேறும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு முறை மின்னேற்றி இறக்கும்போதும் இது நிகழ்கிறது. நாள்தோறும் நனைந்து காயும் மண்சுவரைப் போல, சில நூறு அல்லது சில ஆயிரம் முறைக்குள் படலத்தில் வெடிப்புகள் தோன்றுகின்றன, துணுக்குகள் உதிர்கின்றன. வெறும் கரியோ உட்கொள்வதுமில்லை, வீங்குவதுமில்லை. இலட்சக்கணக்கான முறை உழைக்கிறது. மிகுதியாகச் சேமிக்க உதவும் அதே குணம், பாலிமரின் ஆயுளைக் குறைக்கும் குற்றமாகவும் நிற்கிறது. குணத்தை வைத்துக்கொண்டு குற்றத்தை மட்டும் களைவது எளிதன்று; இரண்டுக்கும் வேர் ஒன்றே.

இரண்டாவது, உட்புகும் அயனிகள் திரவத்திலிருந்து வர வேண்டும். லித்தியம் மின்கலத்தில் ஒரே வகை அயனி ஒரு மின்வாயிலிருந்து மற்றொன்றுக்கு ஊஞ்சல்போல் ஆடுகிறது. திரவம் பாதையாக இருந்தால் போதும். பாலிமர் மின்வாய்க்கோ திரவம் பாதையாகவும் இருக்க வேண்டும், அயனிகளைக் கொடுக்கும் கிடங்காகவும் இருக்க வேண்டும். ஆதலால் திரவம் மிகுதியாக வேண்டும். அவ்வயனிகளின் எடையையும் திரவத்தின் எடையையும் சேர்த்தால் நாம் மேலே கண்ட 147 வெகுவாகக் குறையும். மேலும் பாலிமர் எடை குறைந்ததாயினும் இடத்தை அதிகம் பிடிப்பது. கைக்கடிகாரத்திலும் செல்பேசியிலும் எடையைக் காட்டிலும் இடமே அருமை.

மூன்றாவது, வரம்பு மீறிய ஆக்சிஜனேற்றம். மின்னழுத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றினால், நீர் சங்கிலியைத் தாக்கி அறுக்கிறது. அவ்வாறு சிதைந்த பாலிமர் மீண்டும் பழைய நிலைக்கு வராது. நான்காவது, மின்சாரத்தை முற்றும் கொடுத்துத் தீர்த்த நிலையில் பாலி அனிலீன் மீண்டும் கடத்தாப் பொருளாகிவிடுகிறது. முழுதும் காலியான மின்கலத்தை மறுபடி நிரப்பத் தொடங்குவதே அதனால் சிரமமாகிறது. அமிலத்தன்மை குறைந்த நீரிலும் அது தன் ஆற்றலை இழக்கிறது.

இக்குற்றங்களின் விளைவைச் சரித்திரம் காட்டுகிறது. பென்சில்வேனியாவில் மெக்டயர்மிட் குழுவினர் பாலி அசெட்டிலீனைக் கொண்டு முதல் பாலிமர் மின்கலங்களைச் செய்து காட்டினர். அப்பாலிமர் காற்றுப்பட்டாலே கெட்டது. பின்னர், காற்றைத் தாங்கும் பாலி அனிலீனைக் கொண்டு ஜப்பானில் பிரிட்ஜ்ஸ்டோன், செய்க்கோ நிறுவனங்களின் முயற்சியால் 1987 ஆம் ஆண்டில் பொத்தான் வடிவ மின்கலம் சந்தைக்கே வந்தது. ஒரு பக்கம் பாலி அனிலீன்; மறுபக்கம் லித்தியமும் அலுமினியமும் கலந்த உலோகம். மின்னழுத்தம் ஏறத்தாழ 3 வோல்ட்டு. ஆனால் 1991 இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை வெளியிட்டது. அதன் மின்னழுத்தம் உயர்ந்தது; இடம் குறைந்தது; ஆயுள் நீண்டது. அப்போட்டியில் பாலிமர் மின்கலம் நிற்கவில்லை.

இதனால் பாலிமர் மின்வாய் பயனற்றது என்று முடிவு கட்டிவிடலாமா? கட்டக்கூடாது. தனக்குப் பொருந்தாத வேலையில் தோற்றவன் பொருந்திய வேலையில் சிறப்பதை நாம் அலுவலகங்களிலும் காண்கிறோம். நம் வீட்டுக் கணிப்பொறியின் உட்பலகையில் சிறிய உருளைகளாக நிற்கும் திண்ம மின்தேக்கிகளில் பலவற்றில் ஒரு மின்வாயாக இருப்பது மின் கடத்தும் பாலிமரே. டாண்டலம் மின்தேக்கிகளில் முன்னர் மாங்கனீசு டை ஆக்சைடு அவ்விடத்தில் இருந்தது. உள்ளே பழுது நேர்ந்தால் அது ஆக்சிஜனை வெளிவிட்டுத் தீப்பற்ற ஏதுவாகும். பாலிமர் அவ்வாறு தீயைத் தூண்டுவதில்லை. பழுதான இடத்தில் தான் கடத்தாப் பொருளாக மாறி அவ்விடத்தை அடைத்துக்கொள்கிறது. மின்கலத்தில் குற்றமாக இருந்த அதே இயல்பு இங்கே குணமாயிற்று. இவ்வேலையில் பெரிதும் உதவுவது பெடாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாலிமர். 1980 ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பிறந்தது.

மற்றொரு வேலை, உயிருள்ள உடலோடு பேசுவது. நரம்புகள் எலெக்ட்ரானின் மொழியில் பேசுவதில்லை. சோடியம், பொட்டாசியம் முதலிய அயனிகளின் மொழியில் பேசுகின்றன. உலோக மின்வாய்க்கு எலெக்ட்ரானின் மொழி மட்டுமே தெரியும். பாலிமர் மின்வாய்க்கோ இரண்டும் தெரியும். மூளையிலும் நரம்பிலும் வைக்கும் நுண்ணிய உலோக முனைகளின்மேல் பெடாட் பூசினால், அங்கே மின்தடை குறைந்து நுட்பமான குறிகளும் தெளிவாகக் கேட்கின்றன. இதனை மொழிபெயர்ப்புத் தொழில் என்று சொல்ல நமக்கு ஆசை. மிகையாகாது என்று நம்புகிறோம்.

மூன்றாவது வேலை, துணைவனாக நிற்பது. கரி உறுதி தரும். பாலிமர் கொள்ளளவு தரும். கரியின் நூலிழைகளின்மேல் பாலிமரை மெல்லிய தோலாகப் போர்த்தினால், வீக்கத்துக்கு இடம் கிடைக்கிறது, உதிர்வது குறைகிறது. சுவருக்குள் மூங்கில் தட்டியை வைத்து மண் பூசும் நம் கிராமத்து முறையை இது ஒத்தது.

இவ்வழியில் புனே ஆராய்ச்சிச்சாலையின் பங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தேசிய இரசாயன ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த ஒரு குழுவினர் 2015 ஆம் ஆண்டில், சாதாரணக் காகிதத்தின் இழைகளில் பெடாட் பாலிமரை வளர்த்து, வளைத்தாலும் கெடாத மின்வாயாகச் செய்து, அதனைக் கொண்டு திண்ம மின்தேக்கி அமைத்த முறையை வெளியிட்டனர். எண்ணெயும் நீரும்போல ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்கள் சந்திக்கும் எல்லையில் பாலிமர் பிறக்கும்படி செய்ததே அம்முறையின் நுட்பம். காகிதம் வெறும் தாங்கி. ஆனால் தாங்குவதற்கு ஆள் கிடைத்ததும் பாலிமரின் குற்றம் தணிந்து குணம் ஓங்குகிறது. சாயங்களின் அறிஞர் தலைமை தாங்கிய இடத்திலேயே சாயத்தின் வழிவந்த இத்துறை வளர்வது பொருத்தமே.

நம் தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் தனியிடம் உண்டு. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியமையால் எழுந்தது மத்திய மின் இரசாயன ஆராய்ச்சி நிலையம். 1948 ஜூலை 25 இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 இல், பொங்கல் காலத்தில், டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மின்வாய்களின் இயல்பை ஆராய்வதையே பிறவிக் கடனாகக் கொண்ட நிலையம் அது. செட்டிநாட்டுப் பொட்டலில் அத்தகைய கூடம் எதற்கு என்று அன்று எவரேனும் எண்ணியிருந்தால், மின்கலத்தைத் தேடி உலகமே அலையும் இன்றைய நிலை அதற்கு விடை கூறும்.

இனி, நேயர்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றைக் கூறி முடிக்கிறோம். ஒரு நிமிஷத்தில் மின்னேறும் பிளாஸ்டிக் மின்கலம் கண்டுபிடிக்கப்பட்டது என்று அவ்வப்போது செய்தி வரும். அது பெரும்பாலும் பொய்யன்று. ஆனால் பாதி உண்மையாக இருக்கக்கூடும். அதனைப் படிக்கும்போது நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். எத்தனை முறை மின்னேற்றி இறக்கினார்கள்? ஐம்பது முறையா, ஐயாயிரம் முறையா? பாலிமரின் படலம் எவ்வளவு தடிப்பு? மயிரிழையினும் மெல்லிய படலத்தில் அயனி நொடியில் புகுந்து வெளிவரும். தடித்த படலத்தில் அவ்வாறு வாராது. கிராமுக்கு இவ்வளவு என்று சொன்னது எதன் எடைக்கு? பாலிமருக்கு மட்டுமா, திரவமும் தகடும் உறையும் சேர்ந்த முழுக் கலத்துக்கா? இறுதியாக, மின்னேற்றி வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் எவ்வளவு மிஞ்சியிருந்தது? இந்நான்குக்கும் விடை இருந்தால் அச்செய்தியை நம்பிக்கையோடு வரவேற்கலாம். விடை இல்லையேல் பொறுத்திருக்கலாம். அரசாங்கப் பணமும் இளம் விஞ்ஞானிகளின் உழைப்பும் எவ்வழியில் செல்லவேண்டும் என்பது, இக்கேள்விகளை நாம் எவ்வளவு நேர்மையாகக் கேட்கிறோம் என்பதையும் பொறுத்தது.

லெத்தபியின் தகட்டில் படிந்த கரிய படலத்தை நூறாண்டுக் காலம் சாயம் என்று மட்டுமே எண்ணியது ஒரு பிழை. அதுவே எல்லா மின்கலங்களுக்கும் மாற்று என்று 1980 ஆம் ஆண்டுகளில் துள்ளியது மற்றொரு பிழை. முன்னது குணத்தைக் காணாத பிழை. பின்னது குற்றத்தைக் காணாத பிழை. இரண்டையும் சீர்தூக்கி, எவ்வேலைக்கு எது தகும் என்று தேர்ந்து அமர்த்தும் நெறி தமிழருக்குப் புதிதன்று. அவுரி வயலிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி வந்துள்ள இப்பொருளை அந்நெறிப்படி ஆராய்ந்து பயன்கொள்வது, பாஷாண் சாலையிலும் காரைக்குடியிலும் இன்று சோதனைக்குழாய் ஏந்தி நிற்கும் இளைஞர்களின் கையில் இருக்கிறது. அவர்கள் முயற்சி வெல்க.